எட்டு நாற்பது

பல் செய்கிற அந்த லேபில் மூலைக் கணினி என்று ஒன்று உண்டு. கிளினிக்குகள் நோயாளியின் வாய்க்குள் எடுத்து அனுப்பும் பல் ஸ்கேன்கள் எல்லாம் அதில்தான் வந்து விழும். அதற்கு வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். மாற்றலாம் என்று மட்டும் யாரும் வாயைத் திறந்ததில்லை. ஜன்னல் ஜன்னலாகத் திறக்கிற புதுசு எதையாவது போட்டால் அதற்கு மூச்சு வாங்கியது. அதனால் அதை அமைத்துக் கொடுத்தவர், படமும் மவுஸும் இல்லாமல் வெறும் எழுத்தாலேயே ஓடுகிற ஒரு கோப்பு மேலாளரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கறுப்புத் திரை. இடப்பக்கம் கோப்பின் பெயர், வலப்பக்கம் தேதியும் நேரமும். அம்புக்குறியை அழுத்தி மேலே கீழே போகலாம், வேண்டியதைப் பிடித்து உங்கள் மேசைக்கு அனுப்பலாம். அவ்வளவுதான் அதன் வித்தை.

அதைக் கட்டி மேய்ப்பது அக்கா தங்கை இருவரில் பெரியவளின் பொறுப்பு. லேபின் முதலாளி அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் அக்கா. நாத்தனாரிடம் வேலை பார்ப்பது என்றால் சும்மாவா? வீட்டில் ஒரு டம்ளர் கைதவறி உடைந்தால் அது மறுநாள் லேபுக்கு வந்துவிடும். லேபில் ஒரு கோப்பு தவறினால் அடுத்த தடவை சொந்தக்காரர்கள் கூடும்போது பேச்சாகிவிடும். அதனால் பெரியவள் ஆறு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். அவள் கைபட்டு ஒரு கோப்பும் தொலைந்ததில்லை, மாறியதில்லை. இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது யார் காதிலாவது போட்டுவிடுவாள்.

திரையில் தேதியைக் கத்தரித்ததும் அவள்தான். அது நடந்து இரண்டு வருடம் இருக்கும். ஒவ்வொரு ஸ்கேனின் பெயரும் கேஸ் எண்ணில் ஆரம்பித்து, டாக்டர் பெயர், எந்தப் பல், எந்த நிறம் என்று ரயில் மாதிரி நீளும். கடைசிப் பெட்டியான நிறம் திரையில் இடமில்லாமல் அறுந்துவிடும். செய்த பல்லைச் சூளையில் வைத்து நிறம் ஏற்றுகிறவர், எல்லோருக்கும் சூளைக்காரர், ஒவ்வொரு கேஸுக்கும் எழுந்து வந்து "என்ன கலரும்மா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

"அந்தத் தேதி எதுக்கு இவ்ளோ எடத்த அடைச்சிக்கிட்டு கெடக்கு?" என்றாள் நாத்தனார். "கிழமை, வருஷம், நொடி... நாம என்ன ராக்கெட்டா விடுறோம்?"

"கொறச்சிடலாம் அண்ணி. இருபத்துநாலு மணிக் கணக்கு வெச்சா இன்னும் தெளிவா இருக்கும்."

"ஐயோ, அது வேணாம். பதினேழு, பத்தொம்போதுன்னு போட்டா நான் விரல விட்டு எண்ணணும். சாதா மணியே இருக்கட்டும்."

பெரியவள் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். தேதி எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கிற வரி அதில் ஒன்றே ஒன்று: வரிசையாகச் சதவீதக் குறிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து. ஓர் எழுத்து வருடத்துக்கு, ஓர் எழுத்து மாதத்துக்கு, ஓர் எழுத்து நிமிடத்துக்கு. கிழமையை எடுத்தாள். மாதம் முடிந்தால் பழைய கேஸ்களை வேறு ஃபோல்டருக்குத் தள்ளிவிடுவார்கள், வருடம் எதற்கு என்று அதையும் எடுத்தாள். நொடியை எடுத்தாள். அப்படியும் நிறத்தின் கடைசி இரண்டு எழுத்து வெளியே வரவில்லை. மிச்சம் இருந்தது காலையா மாலையா என்று காட்டும் குறி. லேப் ஒன்பதுக்குத் திறந்து ஆறுக்கு மூடுவது. கிளினிக்குகளும் ஏறக்குறைய அப்படித்தான். எட்டரை என்றால் காலை எட்டரைதானே, ராத்திரி எட்டரைக்கு எவன் வந்து வாயைத் திறந்துகொண்டு படுக்கப் போகிறான்? எட்டிலிருந்து பன்னிரண்டு வரை காலை, ஒன்றிலிருந்து ஆறு வரை மத்தியானம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு அந்தக் குறியையும் எடுத்துவிட்டாள். நிறம் முழுசாகத் தெரிந்தது. சூளைக்காரர் எழுந்து வருவது நின்றது. நாத்தனார், அபூர்வமாக, "பரவால்லியே" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பெரியவள் ஒரு மாதம் ஓட்டினாள்.

சின்னவள் அங்கே வேலைக்கு வந்தது இரண்டு மாதத்துக்கு முன்புதான். பெரியவளின் கூடப் பிறந்த தங்கை. அவள் முன்பு வேலை பார்த்த லேபை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் சும்மா இருந்தாள். அந்த எட்டு மாதத்தில் அவள் பேச்சே குறைந்து போயிருந்தது. இன்னொரு தடவை வீட்டில் உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டேன் என்று அக்காவிடம் ஒரு நாள் சொன்னாள். பெரியவள் தன் வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, நாத்தனாரிடம் கெஞ்சிக் கூத்தாடி வேலையும் வாங்கிக் கொடுத்தாள். மூன்று மாதம் பார்க்கலாம் என்று நாத்தனார் சொன்னாள்.

தேய்த்த பல்லின் மேல் தொப்பி மாதிரி உட்காருகிற வெள்ளை உறைக்கு லேபில் கேப் என்று பெயர். ஸ்கேனைத் திரையில் வைத்து அந்தக் கேப்பை வரைவது சின்னவளின் வேலை. கை நல்ல கை. மேடு பள்ளமெல்லாம் பிறந்த பல் மாதிரியே இருக்கும் என்று சூளைக்காரரே சொல்லியிருக்கிறார், அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்குவது சுலபமில்லை. ஆனால் முதல் மாதமே ஒரு கேப், பக்கத்துப் பல்லை இறுக்குகிறது என்று திரும்பி வந்தது. "இன்னொண்ணு திரும்பி வந்துச்சுன்னா உன் தங்கச்சின்னுலாம் பாக்க மாட்டேன்" என்று நாத்தனார் அப்போதே சொல்லிவிட்டாள்.

முதல் நாள் மூலைக் கணினியைக் காட்டிப் பாடம் எடுத்ததும் பெரியவள்தான்.

"பேர நம்பாத. கிளினிக்ல ஆளாளுக்கு ஒண்ணு எழுதி அனுப்புவாங்க. தேதிய நம்பு, மணிய நம்பு. எட்டுலேர்ந்து பன்னண்டு காலைல, ஒண்ணுலேர்ந்து ஆறு மத்தியானம். அது பொய் சொல்லாது."

சின்னவள் அதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். அக்கா சொன்னால் எழுதிக்கொள்கிற பழக்கம் பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு உண்டு.

செவ்வாய்க்கிழமை காலையில் கேஸ் நானூற்றுப் பதினேழுக்கு ஒரு கிளினிக்கிலிருந்து குறிப்பு வந்தது: நேற்று எடுத்த ஸ்கேன் இரண்டு இருக்கும், கடைசியாக எடுத்ததை வைத்துச் செய்யவும். சின்னவள் மூலைக் கணினிக்குப் போனாள். பட்டியல் கேஸ் எண் வரிசையில் நின்றது. நானூற்றுப் பதினேழு இரண்டு இருந்தது. ஒன்றுக்கு நேராக 08:40, இன்னொன்றுக்கு நேராக 09:10. இரண்டும் திங்கட்கிழமைத் தேதி. எட்டு நாற்பது முந்தியது, ஒன்பது பத்து பிந்தியது. ஒன்பது பத்தைப் பிடித்துத் தன் மேசைக்கு அனுப்பிக்கொண்டாள். வரைந்தாள், இயந்திரம் கடைந்தது, சூளைக்காரர் சுட்டு நிறம் ஏற்றினார், புதன் மாலை பெட்டியில் போட்டு அனுப்பினார்கள்.

வியாழன் மத்தியானம் பெட்டி திரும்பி வந்தது. பின்னாலேயே டாக்டரின் ஃபோனும் வந்தது.

"ஆடுதுங்க. ஓரத்துல நகம் நுழையற அளவுக்கு எடைவெளி. ஆள ரெண்டு மணி நேரம் ஒக்கார வெச்சிட்டு, இல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன்."

நாத்தனார் ஃபோனை வைத்துவிட்டு எல்லோர் முன்னாலும் அந்தக் கேப்பைத் தூக்கிக் காட்டினாள். அவள் சத்தம் போடுவதற்கு முன்னால் பெரியவள் முந்திக்கொண்டாள். தங்கைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்கிற பயம்தான். அந்தப் பயத்தில் வாய் எங்கேயோ போயிற்று.

"கடைசி ஸ்கேனுன்னு எழுதியே அனுப்பியிருக்காங்க! ரெண்டுல எது கடைசின்னு பாக்கத் தெரியாதா? கண்ண எங்க வெச்சிருந்த? சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிக் குடுத்தேனா இல்லியா?"

"பாத்துதான் எடுத்தேங்க்கா."

"பாத்த லட்சணம்தான் கையில இருக்கே!"

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று சின்னவளைப் பற்றி வீட்டில் சொல்வார்கள். சூளைக்காரர் ஒரு தூரிகையை எடுத்துத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமையோட நின்னுக்கட்டும்" என்றாள் நாத்தனார், சின்னவளிடம் அல்ல, பெரியவளிடம். "நாலு மணிக்கு டாக்டர் ஃப்ரீ ஆவார். அவளையே பேசி மன்னிப்புக் கேக்கச் சொல்லு. மறுபடி பண்றத நீயே பண்ணிடு."

மூன்று மணிக்குப் பெரியவள் மூலைக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். நானூற்றுப் பதினேழு. 08:40, 09:10. அவளுடைய விரலும் தன் பாட்டுக்கு ஒன்பது பத்துக்குத்தான் போனது. பிடித்து அனுப்பப் போனவள் சட்டென்று நிறுத்தினாள். சின்னவள் எடுத்தது எந்த ஸ்கேன் என்று வேலைச் சீட்டைப் பார்த்தாள். இதே ஒன்பது பத்து.

அப்புறம்தான் இரண்டையும் தன் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். எட்டு நாற்பதில் பல் இன்னும் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தது, ஓரம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. தேய்த்த பல் வளராது. அப்படியானால் எட்டு நாற்பதுதான் பிந்தியது. மறுபடி மூலைக் கணினிக்கு வந்து அந்தக் கோப்பின் முழு விவரத்தைத் திறந்தாள். அங்கே கத்தரிக்காத நேரம் இருந்தது: மாலை எட்டு நாற்பது. கிளினிக்குக்கு ஃபோன் போட்டு வரவேற்புப் பெண்ணிடம் ஒன்றும் தெரியாத மாதிரி விசாரித்தாள். போன மாதத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கிறோமே, வேலைக்குப் போகிறவர்கள் கேட்டார்கள், அந்த நோயாளிகூடக் காலையில் ஒரு தடவை வந்துவிட்டு வேலை முடிந்து மறுபடி வந்தார் என்றாள் அந்தப் பெண்.

பெரியவள் ஃபோனை வைத்தாள். ஆறு வருடத்துப் பெயர், "பரவால்லியே", தங்கையை எல்லோர் முன்னாலும் கிழித்தது, எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. எழுந்து போய் நாத்தனாரிடம் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? பத்து அடி நடை. அவள் நடக்கவில்லை. அமைப்புக் கோப்பைத் திறந்தாள். அந்த வரிக்குப் போனாள். மணிக்கான எழுத்தை அழித்துவிட்டு இருபத்துநாலு மணிக் கணக்குக்கான எழுத்தைப் போட்டாள். ஒரே ஓர் எழுத்து. குறியும் தேவையில்லை, இடமும் கூடுதலாக ஆகவில்லை. இதை இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே நாத்தனாரிடம் அடித்துப் பேசி வாங்கியிருக்கலாம். 08:40 இருந்த இடத்தில் 20:40 வந்தது. உடனே நானூற்றுப் பதினேழின் இரண்டு ஸ்கேன்களையும் பிடித்து, முடிந்த கேஸ்களின் ஃபோல்டருக்குத் தள்ளினாள். தள்ளினாள் என்று சொல்வது மரியாதை. ஒளித்தாள்.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாலு மணிக்குச் சின்னவள் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவள் பக்கத்திலேயே நின்றாள்.

"டாக்டர், ஸ்கேன் மாத்தி எடுத்தது நான்தான். என் கவனக்குறைவு. மன்னிச்சிடுங்க" என்றாள் சின்னவள். அந்தப் பக்கம் டாக்டர் நிறையப் பேசினார். சின்னவள் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க" என்றாள். பெரியவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் எட்டு மணிக்கு இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சின்னவள் தட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பெரியவள் அவள் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

"போனா போவுது விடு. வேற எடம் பாத்துக்கலாம். நான் இருக்கேன்ல?"

"எனக்கு வேலை போறதுகூட இல்லக்கா. நான் நல்லாப் பாத்துத்தான் எடுத்தேன். அதுவே தப்புன்னா, இனிமே என் கண்ண நானே எப்படி நம்பறது?"

பெரியவள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனாள். அங்கே நின்று ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்து முடித்தாள். அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. திரும்பி வந்தபோது சின்னவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை லேபில் பெரியவள் பொதுவாக ஓர் அறிவிப்பு விட்டாள். "இனிமே இருபத்துநாலு மணிக் கணக்கு. பழகிக்குங்க." நாத்தனார் என்னவோ முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டாள். சூளைக்காரர், "நீ எந்த மணிக் கணக்கு வெச்சாலும் சூளை எட்டு மணி நேரம்தாம்மா எடுத்துக்கும்" என்று தன் இடத்துக்குப் போனார். விஷயம் அதோடு அமுங்கிவிட்டது என்று பெரியவள் நினைத்தாள்.

பதினொரு மணி வாக்கில் சின்னவள் கூப்பிட்டாள். மூலைக் கணினியில் உட்கார்ந்திருந்தாள். சத்தமில்லாத குரல்.

"அக்கா, இங்க வாயேன்."

திரையில் முடிந்த கேஸ்களின் ஃபோல்டர் திறந்திருந்தது. நானூற்றுப் பதினேழு, இரண்டு வரி. 09:10, 20:40.

"எங்க தப்பு பண்ணேன்னு பாக்கலாம்னு வந்தேன். போறதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்கணும்னு தோணுச்சு" என்றாள் சின்னவள். "நான் பாத்தப்ப இது எட்டு நாப்பது."

"ஆமா, அது வந்து..."

"இரு. இன்னும் ஒண்ணு இருக்கு."

அந்த ஃபோல்டரை விட்டு வெளியே வந்து ஒரு விசையை அழுத்தினாள். மறைந்திருக்கும் கோப்புகள் தெரிகிற விசை. அதைச் சொல்லிக் கொடுத்ததும் பெரியவள்தான். அம்புக்குறி இறங்கி அமைப்புக் கோப்பின் மேல் நின்றது. கடைசியாக மாற்றப்பட்ட நேரம் அதற்கு நேராக, பெரியவள் தன் கையால் போட்ட புதுக் கணக்கிலேயே, தெளிவாக இருந்தது. நேற்றைய தேதி, 15:12.

"மூணு பன்னண்டு" என்றாள் சின்னவள். "நான் டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டது நாலு மணிக்கு. நீ பக்கத்துலதான் நின்ன."

பெரியவள் திரையில் அந்த நேரத்தையே பார்த்தாள்.

"ராத்திரி சாப்பாடு போட்டப்பவும் உனக்குத் தெரியும். வேற எடம் பாத்துக்கலாம்னு சொன்ன பாரு, அப்பவும் தெரியும்."

"சொல்லணும்னுதான்டி இருந்தேன்..."

"சரிக்கா." சின்னவள் எழுந்தாள். "நீ யார்கிட்டயும் சொல்ல வேணாம். எனக்குத் தெரிஞ்சிடுச்சு, அது போதும். என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

கோபித்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் தன் மேசைக்குப் போய், பாதியில் விட்ட கடைவாய்ப் பல்லைத் திறந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். பெரியவள் அந்தப் பத்து அடியை அப்போதுதான் நடந்தாள்.

"அண்ணி, அந்தக் கேப் என் தப்பு."

நாத்தனார் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள், பேனாவை மூடினாள். பெரியவள் எல்லாவற்றையும் சொன்னாள்: எடுத்துவிட்ட குறி, ராத்திரி கிளினிக், மாற்றிய எழுத்து. நிற்காமல் சொன்னாள், நின்றால் மறுபடி வராது என்று தெரியும்.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"அவ ஃபோன் பேசறப்ப?"

"அதுக்கு முன்னாடியே."

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "சாதா மணியே போதும்னு சொன்னது நான். குறிய எடுத்தது நீ. திட்டு வாங்கினது அவ. நல்லா இருக்கு நம்ம குடும்பம்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "டாக்டருக்கு ஃபோன் போடு. வெளிய வந்து போடு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

பெரியவள் கூடத்தின் நடுவில் நின்று போட்டாள். ஸ்கேனின் நேரம் தெரிகிற விதத்தை மாற்றி வைத்தது தான், நேற்றுப் பேசிய பெண்ணின் மேல் ஒரு தப்பும் இல்லை என்றாள். "அவங்க ஏன் அப்போ ஒத்துக்கிட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார். "நான் சொல்லிக் குடுத்தபடிதான் பாத்தா. அதனால தன் மேலதான் தப்புன்னு நெனச்சிட்டா" என்றாள் பெரியவள். சூளைக்காரர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். சின்னவள் திரையை விட்டுத் திரும்பவில்லை, ஆனால் மவுஸ் அசையாமல் நின்றிருந்தது.

"சனிக்கிழமைன்னு சொன்னத மறந்துடு" என்று நாத்தனார் சின்னவளிடம் சொன்னாள். "அந்த மூலைக் கம்ப்யூட்டரையும் இனிமே நீயே பாத்துக்க."

"சரிங்க மேடம்" என்றாள் சின்னவள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியவள் பையை எடுத்துக்கொண்டு தங்கையின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு மாதமாக ஒரே பஸ்ஸில்தான் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

"கெளம்பலாமா?"

"நீ போக்கா. எனக்குக் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு."

"நான் வேணா இருக்கட்டுமா?"

"வேணாம்."

பெரியவள் வாசல் வரை போய்த் திரும்பினாள். "சாப்பாடு எடுத்து வெக்கணும். எத்தன மணிக்கு வருவ?"

சின்னவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"இருபது நாப்பதுக்கு."